ரீமாஸ்டர் வேறு, ரீமிக்ஸ் வேறு

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், 1970களின் புரோகிரசிவ் ராக் ஆல்பங்கள் சரவுண்ட் ஒலியில் மறுபதிப்பாவதைப் பற்றி வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே பாட்டு எடுத்துக்கொள்ளும் இந்த வகை இசைக்கு நாளிதழ்களில் இடம் கிடைப்பதே அபூர்வம் என்பதால் முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். பிங்க் ஃபிளாய்டின் ‘தி டார்க் சைடு ஆஃப் தி மூன்’ ஆல்பத்துக்கு 2003இல் வந்த எஸ்.ஏ.சி.டி. தட்டை (சி.டி.யைவிட நுணுக்கமான ஒலியைத் தாங்கும் தட்டு) கட்டுரையாளர் முதலில் ஸ்டீரியோவிலும் பிறகு 5.1 சரவுண்டிலும் (சுற்றிலும் ஐந்து ஸ்பீக்கர்கள், தாழ்ந்த ஒலிக்குத் தனியே ஒன்று) கேட்டிருக்கிறார். இரண்டையும் ‘ரீமாஸ்டர்’ என்றே அழைக்கிறார். இரண்டு ஸ்பீக்கர்களால் தர முடியாத தெளிவை ஐந்து ஸ்பீக்கர்கள் தருகின்றன என்று முடிக்கிறார். அவர் தெளிவைக் கேட்டார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தத் தெளிவு எங்கிருந்து வந்தது என்பதில்தான் அவரோடு எனக்குக் கருத்து வேறுபாடு.

அன்றைய ஸ்டுடியோவில் டிரம்ஸ், பேஸ் கிட்டார், குரல், கீபோர்டு என்று எல்லாம் எட்டு அல்லது பதினாறு டிராக்குகளில் தனித்தனியாகப் பதிவாகும். பிறகு அவற்றின் ஒலியளவையும் இடத்தையும் நிறத்தையும் முடிவுசெய்து இரண்டு டிராக்குகளாகச் சுருக்குவார்கள், அதுதான் மிக்ஸிங். அப்படிக் கிடைத்த ஸ்டீரியோ நாடாவைப் பிற்காலத்தில் எடுத்து, அதன் ஒட்டுமொத்த ஒலியைச் சீர்செய்து வெளியிடுவது ரீமாஸ்டர். அதைச் செய்கிறவர் டிரம்ஸ் சற்று ஓங்கியிருப்பதாக நினைத்தாலும் டிரம்ஸை மட்டும் தணிக்க முடியாது. அவர் கை வைத்தால் அதே அலைவரிசையில் ஒலிக்கும் கிட்டாரும் குரலும் சேர்ந்தே தணியும். ரீமிக்ஸ் செய்கிறவரோ அந்தப் பதினாறு டிராக் நாடாவுக்கே திரும்பிப் போய், அன்றைக்கு எடுத்த அத்தனை முடிவுகளையும் மறுபடி எடுக்கிறார். இரண்டு டிராக்கில் கலந்துவிட்டதை ஐந்து ஸ்பீக்கர்களுக்கு நேர்மையாகப் பிரித்துக் கொடுக்க முடியாது என்பதால் (மென்பொருளைக் கொண்டு ஊதிப் பெருக்குவது வேறு கதை) சரவுண்ட் பதிப்பு என்பது ஏறக்குறைய எப்போதுமே ரீமிக்ஸ்தான்.

கட்டுரையாளர் கேட்ட தட்டில் ஸ்டீரியோவாக இருப்பது 1973ஆம் ஆண்டின் மிக்ஸ், 5.1 ஆக இருப்பது ஜேம்ஸ் கத்ரி முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு செய்த புதிய மிக்ஸ். அதாவது அவர் ஒரே நேரத்தில் இரண்டு காலங்களின் கருவிகளையும், இரண்டு மனிதர்களின் ரசனையையும், இரண்டு ஒலியளவுகளையும், ஸ்பீக்கர்களின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டிருக்கிறார். வெற்றிக்கான பாராட்டை மட்டும் மொத்தமாக எண்ணிக்கைக்குக் கொடுத்துவிட்டார்.

இதை விளக்க எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் கிங் கிரிம்சனின் முதல் ஆல்பமான ‘இன் தி கோர்ட் ஆஃப் தி கிரிம்சன் கிங்’. 1969இல் லண்டனின் வெஸ்ஸெக்ஸ் ஸ்டுடியோவில் எட்டு டிராக் எந்திரத்தில் பதிவானது அது. அந்த ஆல்பத்தின் பெரும் ஒலிக்குக் காரணம் மெல்லோட்ரான் என்ற கீபோர்டு: ஒவ்வொரு கட்டையின் கீழும் ஏறக்குறைய எட்டு நொடி ஓடும் நாடாத் துண்டு ஒன்று, கட்டையை அழுத்தினால் அதில் பதிந்திருக்கும் வயலின் ஒலியோ குழலோசையோ கேட்கும். அதை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கித்தான் ஓர் ஆர்கெஸ்ட்ராவே வாசிப்பதுபோல் செய்தார்கள். எட்டு டிராக்கும் நிறைந்துவிட்டால் அவற்றைச் சுருக்கி வேறொரு நாடாவுக்கு மாற்றி, அங்கே மிச்சமான டிராக்குகளில் தொடர்வார்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் நாடாவின் இரைச்சல் கூடும். டிரம்ஸோடு இருக்கும் உலோகத் தட்டான சிம்பலின் ஒலி முனை மழுங்கும். போதாக்குறைக்கு, ஸ்டீரியோ மாஸ்டர் நாடாவே நெடுங்காலம் காணாமல் போயிருந்ததால், பல ஆண்டுகள் விற்பனையான சி.டி.கள் நகலின் நகலிலிருந்து எடுக்கப்பட்டவை. அந்த நாடா கிடைத்த பிறகு 2004இல் வந்த பதிப்பு வெறும் ரீமாஸ்டர்தான். ஆனாலும் அதுவரை போர்த்தியிருந்த போர்வையை விலக்கியதுபோல் இருந்தது. 2009இல் இசைக்கலைஞரும் மிக்ஸ் செய்பவருமான ஸ்டீவன் வில்சனும் குழுவின் கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃபிரிப்பும் இன்னும் ஒரு படி பின்னே போனார்கள்: சுருக்குவதற்கு முந்தைய முதல் பதிவு நாடாக்களை எடுத்து, அவற்றைக் கணினியில் ஒன்றோடொன்று இணைத்து, புதிதாக ஒரு ஸ்டீரியோ மிக்ஸும் ஒரு 5.1 மிக்ஸும் செய்தார்கள்.

அந்தப் பதிப்பின் புதிய ஸ்டீரியோவை முதலில் கேளுங்கள் என்பேன். ‘ஐ டாக் டு தி விண்ட்’ பாட்டில் இயன் மெக்டொனால்டின் புல்லாங்குழலில் மூச்சு தொடங்கும் இடம் காதில் விழுகிறது. டிரம்ஸ் வாசிக்கும் மைக்கேல் ஜைல்ஸ் சிம்பலைக் குச்சியின் நுனியால் தொடுகிறாரா, அதன் பக்கவாட்டால் தட்டுகிறாரா என்று சொல்லிவிடலாம். கட்டுரையாளர் ‘சரவுண்டின் தெளிவு’ என்று வர்ணிப்பது ஏறக்குறைய இதைத்தான். ஆனால் இங்கே ஒலிப்பவை இரண்டே ஸ்பீக்கர்கள். அதன் பிறகு 5.1க்கு மாறினால் மெல்லோட்ரான் அறையைச் சுற்றி எழுந்து நிற்கிறது. அது பெரிய அனுபவம்தான், மறுக்கவில்லை. ஆனால் 1969 மிக்ஸிலிருந்து புதிய ஸ்டீரியோவுக்கு வரும் தூரத்தோடு ஒப்பிட்டால், ஸ்டீரியோவிலிருந்து சரவுண்டுக்குப் போகும் தூரம் குறைவு என்பதே என் காது சொல்வது. ஜெத்ரோ டல்லின் ‘அக்வாலங்’ ஆல்பத்தில் இந்த விகிதம் இன்னும் அப்பட்டம். 1971இல் வந்த மிக்ஸ் அவ்வளவு மந்தமாக இருந்ததால், 2011இன் ஸ்டீரியோ ரீமிக்ஸிலேயே பாதிக்கு மேல் வேலை முடிந்துவிட்டது.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. கிங் கிரிம்சன் ஆல்பத்தின் 2009 பதிப்பில் ‘மூன்சைல்ட்’ பாட்டின் பிற்பகுதியில் வரும் நீண்ட கற்பனை வாசிப்பிலிருந்து சில நிமிடங்களை வெட்டிவிட்டார்கள். அந்த மௌனங்களோடு வளர்ந்தவர்களுக்கு அது வேறு பாட்டு. ரீமிக்ஸ் என்ற உரிமை கையில் வந்தால் தூசியை மட்டும் தட்டிவிட்டு நிறுத்திக்கொள்ள மனம் வராது போலும்.

அடுத்தது ஒலியளவு. சற்று உரக்கக் கேட்பதையே நம் காது ‘நல்ல ஒலி’ என்று எடுத்துக்கொள்ளும். ஒரு டெசிபல் வித்தியாசம் போதும், உரக்க ஒலிக்கிறது என்று தோன்றாமலேயே நன்றாக ஒலிக்கிறது என்று தோன்றிவிடும். மேற்சொன்ன பிங்க் ஃபிளாய்டு தட்டில் சாதாரண சி.டி. அடுக்கு ஒன்றும் உண்டு. அதில் இருக்கும் ஸ்டீரியோவும் எஸ்.ஏ.சி.டி. அடுக்கின் ஸ்டீரியோவும் ஒன்றல்ல என்பதையும், சி.டி. அடுக்கை அதிகமாக அமுக்கி (அதாவது உரத்த இடத்துக்கும் மெல்லிய இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைத்து) உரக்க ஒலிக்கச் செய்திருக்கிறார்கள் என்பதையும் அந்த ஆண்டே ஓர் ஒலியியல் இதழ் அளந்து காட்டியது. ஒரே தட்டில், ஒரே மிக்ஸுக்கே இந்த நிலை என்றால், வேறு வேறு மிக்ஸ்களை அளக்காமல் ஒப்பிடுவதைப் பற்றி என்ன சொல்ல? ஐந்து ஸ்பீக்கர்கள் சேர்ந்து ஒலிக்கும்போது இருக்கையில் வந்து சேரும் மொத்த ஒலி இரண்டைவிடக் கூடுதலாகவே இருக்க வாய்ப்பு அதிகம் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நான் கையாளும் முறை எளியது. ஒலியளவைக் காட்டும் கருவியை இருக்கையில் காது இருக்கும் உயரத்தில் வைத்து, முதலில் சோதனை இரைச்சலைக் கொண்டு ஐந்து ஸ்பீக்கர்களையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவேன். பிறகு அதே பாட்டின் அதே அரை நிமிடத்தை ஸ்டீரியோவிலும் சரவுண்டிலும் ஓடவிட்டு, சராசரி அளவு அரை டெசிபலுக்குள் வரும்வரை திருகுவேன். சலிப்பூட்டும் வேலைதான். முதல் முறை இதைச் செய்தபோது, அதுவரை நான் அடித்துச் சொல்லி வந்த மூன்று தீர்ப்புகளில் இரண்டு தலைகீழாகிப்போயின. எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று சொல்லாமல் மாற்றிக்கொண்டே இருந்த என் தம்பி, “அண்ணே, போன வாரம் வேற மாதிரி சொன்னீங்களே” என்று கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

சரவுண்ட் என்பது பிற்கால வணிகத்தின் ஒட்டு வேலை என்று கட்டுரையின் ஓரிடத்தில் தொனிக்கிறது. அது சரியல்ல. பிங்க் ஃபிளாய்டு 1967 மே 12 அன்று லண்டன் குயின் எலிசபெத் ஹாலில் நடத்திய நிகழ்ச்சியிலேயே, ஒலியை ஒரு கைப்பிடியால் அரங்கத்தைச் சுற்றி நகர்த்தும் கருவியைப் பயன்படுத்தினார்கள். ‘தி டார்க் சைடு ஆஃப் தி மூன்’ ஆல்பத்தின் ‘டைம்’ பாட்டுத் தொடக்கத்தில் ஒலிக்கும் கடிகாரங்களை அதன் ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ் ஒவ்வொன்றாகப் பதிவுசெய்ததே நான்கு திசை ஒலியைச் செய்து காட்டும் ஒரு முயற்சிக்காகத்தான். பிறகு அவை ஆல்பத்துக்குள் வந்தன. அவரே இந்த ஆல்பத்துக்கு ஒரு நான்கு சேனல் மிக்ஸும் செய்தார். அது அன்றைய இசைத்தட்டில் எடுபடாமல் போனதற்கு மிக்ஸ் காரணமல்ல. நான்கு சேனல்களை இரண்டாக மடித்துப் பள்ளத்தில் பொறித்து, வீட்டில் மறுபடி விரிக்கும் எஸ்.கியூ. முறையில் திசைகள் ஒன்றுக்குள் ஒன்று கசிந்தன. 2011இல் வந்த பெரிய தொகுப்பில் பார்சன்ஸின் நான்கு சேனல் மிக்ஸும் கத்ரியின் 5.1 மிக்ஸும் சேர்ந்தே கிடைத்தன. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டவர்களுக்குத் தெரியும்: ‘சரவுண்ட்’ என்று ஒன்று தனியாக இல்லை. பார்சன்ஸ் தைரியமாகப் பொருள்களைப் பின்னால் வைக்கிறார். கத்ரி ஒரு பெரிய வெளியை எழுப்பி அதற்குள் நம்மை உட்கார வைக்கிறார். என் ஓட்டு பார்சன்ஸுக்கு. அவர் மிக்ஸில் விளிம்புகள் சற்று முரடுதான், ஆனால் கடிகாரங்கள் அடிக்கும்போது உண்மையிலேயே உடல் அதிர்கிறது.

சரவுண்ட் எங்கே நியாயமாக வெல்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரே திசையிலிருந்து வரும் இரண்டு ஒலிகளில் ஒன்று மற்றொன்றை மறைக்கும். திசைகளைப் பிரித்துவிட்டால் அதே இரண்டு ஒலிகளையும் காது எளிதாகத் தனித்தனியே பிடித்துக்கொள்ளும். ஸ்டீரியோவில் இந்த நெரிசலைச் சமாளிக்க ஒலிப்பதிவாளர் ஒன்றின் அடிப்பகுதியை அரிந்து, இன்னொன்றின் மேற்பகுதியைக் கூராக்கி, எல்லாவற்றையும் கொஞ்சம் அமுக்கி இடம் கண்டுபிடிக்க வேண்டும். சரவுண்டில் அந்தக் கத்திவேலை அவ்வளவு தேவைப்படுவதில்லை. எனவே நெரிசல் மிகுந்த ஆல்பங்களே சரவுண்டால் அதிகம் பயனடைபவை. கிங் கிரிம்சனின் 1970 ஆல்பமான ‘லிசர்டு’ இதற்குச் சான்று: கீத் டிப்பெட்டின் பியானோ, கார்னெட், டிராம்போன், ஓபோ, சாக்சபோன், அதன் மேல் மெல்லோட்ரான் என்று ஒரே வாசலில் ஒரு கூட்டமே முட்டிமோதும். நெடுங்காலம் அந்த ஆல்பத்தைப் பிடிக்காமல் இருந்த ஃபிரிப்பே, வில்சனின் சரவுண்ட் மிக்ஸைக் கேட்ட பிறகு மனம் மாறினார். ஒரு மிக்ஸுக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் எதுவும் இருக்க முடியாது.

யெஸ் குழுவின் ‘குளோஸ் டு தி எட்ஜ்’ ஆல்பமும் அப்படித்தான். 1972இல் லண்டன் அட்விஷன் ஸ்டுடியோவில் எடி ஆஃபர்டு சின்னச் சின்னப் பகுதிகளாகப் பதிவுசெய்து, நாடாவை வெட்டி ஒட்டி உருவாக்கிய ஆல்பம் அது. தலைப்புப் பாட்டின் நடுவே தாளம் முழுவதும் ஓய்ந்து, நீர் சொட்டுவதுபோன்ற அமைதியில் இரண்டு குரல் வரிகள் ஒன்றுக்கு ஒன்று குறுக்கே போகும் இடம் ஒன்று உண்டு. ஸ்டீரியோவில் ஜான் ஆண்டர்சனின் தலைமைக் குரலைக் கவனித்தால் மற்ற வரி பின்னணியாகிவிடும். 2013இன் சரவுண்டில் இரண்டு வரிகளின் சொற்களையும் ஒருசேரப் பின்தொடர முடிகிறது. அதைத் தொடர்ந்து லண்டன் தேவாலயம் ஒன்றில் பதிவான பைப் ஆர்கன் எழும்போது, கல் சுவரும் உயர்ந்த கூரையும் அறைக்குள் வந்துவிடுகின்றன. இங்கே நான் ஸ்டீரியோவுக்காக வாதாட மாட்டேன்.

ஆனால் அதே சரவுண்ட் தோற்கும் இடங்களும் உண்டு, அதற்கும் காரணம் இருக்கிறது. ஸ்டீரியோவில் நடுவில் கேட்கும் குரல் உண்மையில் நடுவில் இல்லை. இடது, வலது ஸ்பீக்கர்கள் இரண்டும் ஒரே ஒலியைத் தருவதால் மூளை உண்டாக்கும் தோற்றம் அது. ஒவ்வொரு ஸ்பீக்கரின் ஒலியும் இரண்டு காதுகளையும் சிறு கால வித்தியாசத்தோடு அடைவதால் ஏறக்குறைய 2 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் ஒலி குறைந்து ஒரு பள்ளம் விழுகிறது. 1970களின் ஒலிப்பதிவாளர்கள் அந்தப் பள்ளத்தோடு கேட்டுத்தான் குரலின் நிறத்தைத் தீர்மானித்தார்கள். அதே குரலை எடுத்து நிஜமான நடு ஸ்பீக்கரில் வைத்தால் பள்ளம் நிரம்பி, குரல் சற்று கடுமையாக, முகத்துக்கு நேரே நின்று பேசுவதுபோல் கேட்கிறது. தேர்ந்தவர்கள் குரலை மூன்று முன் ஸ்பீக்கர்களிலும் பகிர்ந்து இதைத் தவிர்க்கிறார்கள். தேர்ச்சி இல்லாதவர்களின் மிக்ஸில் பாடகர் மட்டும் குழுவை விட்டுத் தனியே ஒரு பெட்டிக்குள் மாட்டிக்கொள்கிறார்.

இன்னொன்று, கூட்டு வாசிப்பு. கிங் கிரிம்சனின் முதல் ஆல்பத்தில் வரும் ‘21ஸ்ட் செஞ்சுரி ஸ்கிட்ஸாய்டு மேன்’ பாட்டின் நடுவில் கிட்டார், பேஸ், சாக்சபோன், டிரம்ஸ் நான்கும் ஒரே கணத்தில் பாய்ந்து ஒரே கணத்தில் நிற்கும். நான்கு பேர் ஒரே ஆளாக மாறுவதே அந்த இடத்தின் அழகு. அவர்களை நான்கு மூலைகளுக்கு அனுப்பினால் தெளிவு கூடும், அடி விழாது. அந்த இடத்துக்கு நான் எப்போதும் ஸ்டீரியோவுக்குத்தான் திரும்புகிறேன், அதிலும் 1969 மிக்ஸுக்கு. அதன் நெரிசல்கூட அங்கே பொருத்தமாகவே இருக்கிறது.

சரவுண்ட் ஆர்வலர்களுக்கு என் சொந்த அவமானம் ஒன்றைச் சொல்லி எச்சரிக்கிறேன். பின் இரண்டு ஸ்பீக்கர்களின் வயர்களை இடம் மாற்றிச் செருகிவிட்டு, ஏறக்குறைய ஓராண்டு காலம் அப்படியே கேட்டு, நண்பர்களிடம் அந்த மிக்ஸ்களின் ‘துணிச்சலான திசை அமைப்பை’ப் புகழ்ந்துகொண்டிருந்தேன். முன் இடதிலிருந்து பின் இடதுக்கு நழுவ வேண்டிய ஒலி, என் வீட்டில் அறையைக் குறுக்கே தாண்டிப் பின் வலதில் போய் விழுந்தது. அதையும் கலை என்றே எடுத்துக்கொண்டேன். ஸ்டீரியோவில் இப்படிப் பிழை செய்ய ஒரே வழிதான் உண்டு. ஐந்து ஸ்பீக்கர்களில் தூரம், கோணம், அளவு, தாழ்ந்த ஒலி எங்கே தனி ஸ்பீக்கருக்குப் பிரிகிறது என்பது வரை பிழைக்கான வழிகள் ஏராளம். பின் ஸ்பீக்கர்கள் காதுக்குச் சற்றுப் பின்னே, நேர் முன்திசையிலிருந்து ஏறக்குறைய 110 பாகை கோணத்தில் இருக்க வேண்டும் என்ற பரிந்துரையைப் பின்பற்றும் வீடுகள் எத்தனை? கட்டுரையாளர் தம் ஸ்பீக்கர்கள் எங்கே இருந்தன என்று ஒரு வரிகூட எழுதவில்லை. 5.1 பதிப்பை இரண்டு ஸ்பீக்கரில் ஓடவிட்டு “ஸ்டீரியோவில் சப்பென்று இருக்கிறது” என்று முடிவு கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே ஒலிப்பது எந்த ஒலிப்பதிவாளரும் செய்த ஸ்டீரியோ அல்ல, கருவி தானாக மடித்த ஐந்து சேனல்.

நியாயமான ஒப்பீட்டுக்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. கிங் கிரிம்சன், யெஸ் ஆல்பங்களின் டி.வி.டி. ஆடியோ, ப்ளூ-ரே பதிப்புகள் பலவற்றில் பழைய ஸ்டீரியோ மிக்ஸை எந்த மெருகும் ஏற்றாமல் அப்படியே தருகிறார்கள். கூடவே புதிய ஸ்டீரியோ மிக்ஸும் 5.1 மிக்ஸும் இருக்கின்றன. முதலாவதையும் இரண்டாவதையும் ஒப்பிட்டால் ரீமிக்ஸ் என்ன செய்தது என்று தெரியும். இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒப்பிட்டால்தான் சரவுண்ட் என்ன செய்தது என்று தெரியும். வில்சன் முதலில் பழைய மிக்ஸை வரிக்கு வரி ஒத்துப் பார்த்தே புதிய ஸ்டீரியோவைக் கட்டி, அதன் பிறகே அதை ஐந்து ஸ்பீக்கர்களுக்கு விரிப்பவர் என்பதால் இந்த இரண்டாவது ஒப்பீடு அவர் பதிப்புகளில் குறிப்பாக நம்பத்தக்கது. எல்லா ஆல்பங்களுக்கும் இந்த வசதி கிடையாது; ஜென்டில் ஜயன்ட் குழுவின் முதல் மூன்று ஆல்பங்களில் மல்டிடிராக் நாடா (கலக்குவதற்கு முந்தைய, டிராக்குகள் தனித்தனியாக இருக்கும் நாடா) மிஞ்சிய பாட்டுகளை மட்டுமே திரட்டி 2017இல் ஒரே தொகுப்பாக வெளியிட வேண்டியிருந்தது. மற்றப் பாட்டுகளுக்கு அப்போது ஸ்டீரியோ மாஸ்டர்தான் கதி.

ஆகவே தங்கள் கட்டுரையாளரிடம் ஒரு வேண்டுகோள். இந்தத் தொடரின் அடுத்த பகுதி யெஸ் குழுவைப் பற்றியது என்று அறிவித்திருக்கிறீர்கள். கேட்ட பதிப்பின் ஆண்டு, மிக்ஸ் செய்தவர் பெயர், ஒலியளவைச் சமன்செய்தாரா இல்லையா என்ற மூன்றையும் கட்டுரையின் தலைப்பில் ஒரே வரியில் போட்டுவிட்டால் போதும். ‘குளோஸ் டு தி எட்ஜ்’ ஆர்கன் பகுதியில் அவருக்கும் எனக்கும் ஒரே கருத்துதான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதே ஆல்பத்தில் வரும் ‘சைபீரியன் கத்ரு’ பாட்டின் கிட்டாரில்தான் சண்டை வரும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்